சரக்கு போனால் சுற்றுலா வரும்

தலைப்பைப் பார்த்துவிட்டு ஆவலாக வந்த நண்பர்கள் மன்னிக்கவும். நான் சொல்வது அந்தச் சரக்கு இல்லை, வியாபாரச் சரக்கு :-) பி.காம் படிக்கிற பையனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?

கொஞ்ச நாளாகவே வெனிஸ் நகரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வெனிஸ் போனதில்லை. போக ஆசைதான், ஆனால் என்னிடம் பாஸ்போர்ட்டே இல்லை. ஆலப்புழை போயிருக்கிறேன். அதற்குக் 'கிழக்கின் வெனிஸ்' என்று பெயர் வைத்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து படகுத்துறை வரை போர்டு போர்டாக எழுதி வைத்திருக்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்தது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் முசரவாக்கம். எங்கள் ஊருக்கும் வெனிஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

முதலில் வெனிஸ். கடலோரக் காயலில் நூற்றுக்கும் மேற்பட்ட குட்டித் தீவுகள், அவற்றைச் சேர்க்க நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், தெருவுக்குப் பதில் கால்வாய். காரும் பைக்கும் ஊருக்குள் வர முடியாது. போட்டோவில் பார்க்கும்போது யாரோ சுற்றுலாப் பயணிகளுக்காகவே யோசித்துக் கட்டிய ஊர் மாதிரி இருக்கும். நிஜத்தில் அது பக்கா வியாபாரிகளின் ஊர். அலெக்சாண்ட்ரியாவில் அரபு வியாபாரிகளிடம் மிளகு வாங்கி ஐரோப்பா முழுக்க விற்றவர்கள். அந்த மிளகு எங்கிருந்து போனது? நம் பக்கத்து மலையாளக் கரையிலிருந்துதான். 1284இல் அவர்கள் அடிக்க ஆரம்பித்த தங்கக் காசு கேரளக் கரை வரைக்கும் புழங்கியிருக்கிறது. அந்த ஊர்க்காரரான மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியர்களின் காயல் துறைமுகத்துக்கு வந்து, முத்துக் குளிப்பதையும் அரபுக் குதிரைகள் வந்து இறங்குவதையும் எழுதி வைத்திருக்கிறார். நம் ஊருக்கு வந்த முதல் டூரிஸ்ட் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் :-)

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஒரு புது வழி கிடைத்துவிட்டது. வெனிஸ் உடனே படுத்துவிடவில்லை. இன்னொரு நூறு வருடம் தாக்குப்பிடித்தது. பிறகு டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் வந்ததும் மிளகு மொத்தமாகக் கைவிட்டுப் போனது. 1797இல் நெப்போலியன் வந்து அந்தக் குடியரசையே முடித்து வைத்தார். 1846இல் ரயில் பாலம் போட்டார்கள். சரக்கு போன ஊருக்கு இப்போது ரயிலிலும் விமானத்திலும் மனிதர்கள் வருகிறார்கள், வேடிக்கை பார்க்க.

இனி ஆலப்புழை. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திட்டமிட்டு வளர்த்த துறைமுக ஊர் அது. உள்நாட்டு மிளகும் தேங்காயும் கயிறும் கட்டுவள்ளங்களில் கடற்கரை வரை வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் ஊருக்கு நடுவில் கால்வாய் வெட்டினார்கள். அதில் ஒன்றின் பெயரே வணிகக் கால்வாய். 1859இல் ஜேம்ஸ் டாரா என்பவர் கயிற்றுப் பாய் தொழிற்சாலை தொடங்கினார். 1862இல் கலங்கரை விளக்கம் வந்தது. 1920களில் கொச்சியில் மணல்மேட்டை வெட்டி நவீன துறைமுகம் கட்ட ஆரம்பித்ததும் கப்பல்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. அப்புறம் ரோடு வந்தது, லாரி வந்தது. கட்டுவள்ளத்துக்கு வேலை இல்லாமல் போனது. 1990களில் யாரோ ஒரு புத்திசாலி அந்த நெல் படகின் மேல் மூங்கிலும் ஓலையும் வேய்ந்து, கட்டிலும் பாத்ரூமும் வைத்து, ஹவுஸ்போட் என்று ஓட்டினார். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

இரண்டு ஊரின் கதையும் ஒன்றுதான் என்பது புரிகிறதா? கால்வாய்க்கு வேலை கொடுத்தது சரக்கு. சரக்கு போனது. கால்வாய் மிச்சம். அந்த மிச்சத்தைப் பார்க்கத்தான் நாம் காசு கொடுத்துப் போகிறோம்.

சரக்கு போன பிறகு டூரிஸ்ட்டும் வரவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம், சென்னையிலேயே இருக்கிறது. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்ட ஆரம்பித்தது பக்கிங்ஹாம் கால்வாய். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களைக் கூலிக்கு வைத்து அடையாறுக்கும் கூவத்துக்கும் நடுவில் வெட்டி இணைத்தார்கள். வடக்கே ஆந்திராவின் காக்கிநாடா பக்கத்திலிருந்து தெற்கே மரக்காணம் வரை படகில் நெல்லும் உப்பும் விறகும் போன வழி அது. இன்று மயிலாப்பூர் பக்கம் போய்ப் பாருங்கள். பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்ளேயே நிற்கின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். அதனால் டூரிஸ்ட் வருவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். டூரிஸ்ட் வராவிட்டால் ஆலப்புழையின் கட்டுவள்ளங்களை எப்போதோ உடைத்து விறகாக்கியிருப்பார்கள். கயிறு வைத்துப் பலகை தைக்கும் அந்த வேலையும் மறந்துபோயிருக்கும்.

அப்படியென்றால் பிரச்சனை எங்கே?

வெனிஸின் பழைய நகரத்தில் 1951இல் கிட்டத்தட்ட 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022இல் அது 50,000க்கும் கீழே போய்விட்டது. ஒரு மருந்துக்கடை ஜன்னலில் 2008லிருந்து மின்னும் எண்களில் மிச்சமுள்ள ஜனத்தொகையைப் போட்டு வைத்திருக்கிறார்கள், கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. 2023இல் அந்த ஊரில் டூரிஸ்ட்டுகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்பவர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. வீட்டை உள்ளூர்க்காரருக்கு வாடகைக்கு விட்டால் மாதத்துக்கு ஒரு தொகை. அதையே டூரிஸ்ட்டுக்கு விட்டால் நாலைந்து நாளில் அந்தத் தொகை. வீட்டுக்காரர் எதைச் செய்வார்? நானாக இருந்தாலும் இரண்டாவதைத்தான் செய்வேன். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் எல்லா வீட்டுக்காரரும் அதையே செய்தால் காய்கறிக் கடை முகமூடிக் கடையாகிறது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைகிறார்கள், குடும்பங்கள் பாலத்தைத் தாண்டி மெஸ்த்ரேவுக்குக் குடி போகிறார்கள். காலையில் அங்கிருந்து ரயிலேறி வந்து வெனிஸில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறார்கள்.

எங்கள் பாடத்தில் 'புறவிளைவு' என்று ஒன்று வரும். ஒருவர் செய்யும் காரியத்தின் செலவு அதில் சம்பந்தமே இல்லாத இன்னொருவர் தலையில் விழுவது. காலையில் வந்து சாயங்காலம் போகும் டூரிஸ்ட் அதற்குச் சரியான உதாரணம். அவர் அந்த ஊரில் தங்குவதில்லை, பெரிதாக எதுவும் வாங்குவதில்லை, பாதி நேரம் சாப்பாட்டையும் கையோடு கொண்டுவருகிறார். ஆனால் குப்பை, கூட்டம், கழிப்பறை, படகில் இடம் எல்லாம் ஊரின் செலவு.

இதற்குத்தான் வெனிஸ் 2024 ஏப்ரல் 25லிருந்து நுழைவுக் கட்டணம் போட்டுப் பார்த்தது. கூட்டம் அதிகமான 29 நாட்களில், பகலில் மட்டும் வந்துபோகும் ஆட்களுக்குத் தலைக்கு 5 யூரோ. ராத்திரி தங்குபவர்களுக்கு இது கிடையாது, அவர்கள் விடுதியில் தனி வரி கட்டுகிறார்கள். அந்த வருடம் 20 லட்சம் யூரோவுக்கு மேல் வசூல். கூட்டம் குறைந்ததா? பெரிதாக ஒன்றும் குறையவில்லை. 2025இல் நாட்களை 54 ஆக்கி, கடைசி நேரத்தில் பதிவு செய்பவர்களுக்கு 10 யூரோ என்று ஏற்றினார்கள். எனக்கென்னவோ இதில் ஆச்சரியமே இல்லை. பாரிஸிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ விமானம் பிடித்து வருகிறவர் ஐந்து யூரோவுக்காகத் திரும்பிப் போவாரா? அரை மணி நேர கொண்டோலா சவாரிக்கு அரசாங்க ரேட்டே 90 யூரோ. டிக்கெட் வைத்தால் ஊருக்கு வருமானம் வரும். ஆனால் வாசலில் டிக்கெட் கிழித்தால் அது ஊரா மியூசியமா என்று உள்ளூர்க்காரர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

அதே ஊரில் எனக்குப் பிடித்த இன்னொரு ஏற்பாடு உண்டு. அங்கே பொதுப் படகுக்கு டூரிஸ்ட் டிக்கெட் 9.50 யூரோ. உள்ளூர் அட்டை வைத்திருப்பவருக்கு அதில் ஒரு சின்னப் பங்குதான். வேலைக்குப் போகிறவரும் வேடிக்கை பார்க்கிறவரும் ஒரே படகில்தான் போகிறார்கள். ஆனால் ஒரே விலை இல்லை. ஆலப்புழையில் நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகு கோட்டயம் வரை இரண்டரை மணி நேரம் காயலில் போகிறது. டிக்கெட் ரொம்பக் குறைவு. எங்கள் காலேஜ் டூரில் ஹவுஸ்போட்டுக்குத் தலைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டு நாங்கள் ஆறு பேர் மட்டும் இதில் ஏறினோம். வாழைத்தார், சைக்கிள், யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு பாட்டி. நாங்கள் ஜன்னலோர சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தோம். நடுவில் ஏறியவர்கள் நின்றுகொண்டு வந்தார்கள். கண்டக்டர் சேட்டன் ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, போட்டோ நின்னும் எடுக்காம்." எழுந்து இடம் கொடுத்தோம். சிரித்தார். டூரிஸ்ட் என்றால் யார், ஊர்க்காரர் என்றால் யார் என்று அந்த ஒரு வரியில் புரிந்துவிட்டது.

இப்போது காஞ்சிபுரத்துக்கு வருகிறேன்.

காஞ்சிபுரம் ஒரு ஒருநாள் ஊர். சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் போல. காலையில் ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜர், முடிந்தால் கைலாசநாதர், நடுவில் ஒரு பட்டுக்கடை, மத்தியானம் மாமல்லபுரம், ராத்திரி சென்னை. இதுதான் பேக்கேஜ். 2019இல் இது எந்த அளவுக்குப் போகும் என்று நாங்களே பார்த்தோம். நாற்பது வருடத்துக்கு ஒரு முறை அனந்த சரஸ் குளத்திலிருந்து வெளியே வரும் அத்திவரதரைப் பார்க்க ஜூலை 1லிருந்து ஆகஸ்ட் 17 வரை ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி காஞ்சிபுரம் நகரத்தின் ஜனத்தொகை 1.64 லட்சம். சராசரி போட்டால் ஒவ்வொரு நாளும் ஊர் ஜனத்தொகையைவிட அதிகமான ஆட்கள்! கூட்ட நெரிசலில் உயிர்களும் போயின. பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். வெனிஸ்காரர்கள் வருடம் முழுக்க அனுபவிப்பதை நாங்கள் 48 நாட்களில் அனுபவித்தோம். பக்தியோடு வந்தவர்களை டூரிஸ்ட் என்று சொல்வது தப்பு என்று சிலர் கோபப்படலாம். சாமி கும்பிட வருபவருக்கும் தண்ணீர் வேண்டும், கழிப்பறை வேண்டும். அந்த வகையில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை.

ஆனால் என் கவலை கூட்டத்தைப் பற்றி அல்ல. ஆலப்புழையிலும் வெனிஸிலும் சரக்கு முதலில் போனது, டூரிஸ்ட் பிறகு வந்தார்கள். காஞ்சிபுரத்தில் சரக்கு இன்னும் இருக்கிறது. டூரிஸ்ட் வருவதில் பாதி அந்தச் சரக்குக்காகத்தான். அப்படியிருந்தும் அது போய்க்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு குழித்தறி இருக்கிறது. அப்பா இன்னும் நெய்கிறார். சித்தப்பா நிறுத்திவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகிறார். விடிகாலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. "தறியில ஒக்காந்தா புடவை முடிஞ்சாத்தான் கூலி. அங்க ஒண்ணாந்தேதி ஆனா சம்பளம்" என்பார். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் எந்தப் பாடமும் இல்லை. கோர்வைப் புடவை என்றால் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டி, நெய்யும்போதே இழைக்கு இழை கோர்ப்பது. மூன்று நாடா ஓடும். ஒரு ஆள் போதாது, கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். பத்துப் பதினைந்து நாள் ஆகும், வேலைப்பாடு கூடினால் இன்னும் ஆகும். பாவும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், கூலி நமக்கு. சித்தப்பா காலையில் பஸ் ஏறுவதும் வெனிஸ்காரர் பாலம் தாண்டி மெஸ்த்ரேவுக்குக் குடி போவதும் ஒரே கதைதான். அங்கே வாடகை துரத்துகிறது, இங்கே கூலி துரத்துகிறது.

சரி, டூரிஸ்ட் கொடுக்கும் பணம் எங்கே போகிறது? போன லீவில் ஊரில் ஒரு ஜவுளிக் கடையில் இரண்டு மாதம் கணக்கு எழுதினேன். சுற்றுலா வண்டி வந்தால் பில்லில் இத்தனை சதவீதம் என்று வண்டி கொண்டுவந்தவருக்குத் தனி எழுத்து உண்டு. அது புடவை விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும். அந்தப் புடவைக்கு நெய்தவர் வாங்கிய கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சில பில்களில் வண்டி கொண்டுவந்தவருக்குப் போனதும் பதினைந்து நாள் நெய்தவருக்குப் போனதும் கிட்டக் கிட்ட இருந்தன. டிரைவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் வாங்குகிறவருக்கு இது தெரிய வேண்டாமா?

இன்னொன்று, போலி. வெனிஸ் பக்கத்தில் முரானோ தீவு. 1291இல் தீ விபத்துக்குப் பயந்து கண்ணாடி உலைகளை எல்லாம் அங்கே மாற்றினார்கள். இன்று வரை கண்ணாடிக்குப் பேர் போன இடம். ஆனால் வெனிஸ் தெருக்கடைகளில் 'முரானோ' என்று விற்பதில் எத்தனையோ வெளிநாட்டு மலிவுச் சாமான். தாங்க முடியாமல் 1994இல் ஒரு பொது முத்திரை கொண்டுவந்தார்கள். நமக்கும் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கைத்தறிக்கு ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று 1985லேயே சட்டமும் இருக்கிறது. இருந்தும் விசைத்தறிப் புடவையும் போலி ஜரிகையும் காஞ்சிப் பட்டு என்ற பெயரில் போகின்றன. அவசரமாக அரை மணி நேரத்தில் புடவை எடுத்துவிட்டு மாமல்லபுரம் கிளம்பும் ஆளுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? ஒருநாள் பயணமும் போலியும் கூடப் பிறந்தவர்கள் என்பது என் கருத்து. நிதானமாகப் பார்க்கிறவரை ஏமாற்றுவது கஷ்டம்.

ஆகவே என் தீர்ப்பு (பெரிய நீதிபதி!) இதுதான்.

ஊர் வாசலில் டிக்கெட் வேண்டாம். அது கோயில் ஊர், எல்லோரும் வர வேண்டிய ஊர். ஆனால் வெளியூரிலிருந்து வரும் சுற்றுலா வண்டிகளுக்கு நிறுத்தக் கட்டணத்தைக் கூட்டலாம். அந்தப் பணம் அதே ஊரின் கழிப்பறைக்கும் குப்பைக்கும் குளத்துக்கும் மட்டும்தான் என்று கணக்குக் காட்ட வேண்டும்.

பட்டுப் புடவையின் பில்லில் கைத்தறியா விசைத்தறியா, கோர்வையா இல்லையா, நெசவுக் கூலி எவ்வளவு என்று மூன்றே வரி இருக்க வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கிராம் சர்க்கரை என்று போட முடிகிறது. ஐம்பதாயிரம் ரூபாய் புடவைக்கு மூன்று வரி போட முடியாதா? "கூலியை எழுதினால் வியாபார ரகசியம் போய்விடும்" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். போகட்டுமே. நல்ல கூலி கொடுக்கும் கடைக்கு அதுவே விளம்பரம்.

கடைசியாக, வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ராத்திரி தங்குங்கள். சாயங்காலம் கைலாசநாதர் கோயில் மணல்கல்லில் வெயில் சாய்வதைப் பாருங்கள். ஆயிரத்து முந்நூறு வருடக் கல், அவசரமில்லை. காலையில் ஒரு நெசவாளர் தெருவில் நடந்து போங்கள், தறிச் சத்தம் காதில் விழும். கேட்டால் உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார்கள். அவர்களுக்குப் பெருமைதான். நின்றும் போட்டோ எடுக்கலாம், உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும் என்பதில்லை.

ஆலப்புழையைக் கிழக்கின் வெனிஸ் என்று சொல்வதில் எனக்குச் சந்தோஷமில்லை. அது பாராட்டா எச்சரிக்கையா என்று தெரியவில்லை. நாளைக்கு யாராவது காஞ்சிபுரத்துக்கும் அப்படி ஒரு பட்டம் கொடுத்து, மியூசியத்தில் கண்ணாடிக்குள் ஒரு குழித்தறியை வைத்து, 'இங்கே ஒரு காலத்தில் நெய்தார்கள்' என்று போர்டு மாட்டினால் டிக்கெட் நன்றாகவே விற்கும். ஆனால் அத்திவரதர் அடுத்து 2059இல் எழும்போது அவருக்குச் சாத்தும் பட்டு எந்த ஊரில் நெய்ததாக இருக்கும்?